புகைப்பது அவனவன் இஷ்டமா?

நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டால் அதில் வேலை பார்த்தவனுக்குச் சேரவேண்டிய ஈட்டுத்தொகையைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட்டால் போதும், அதோடு சமூகம் அவனுக்குப் பட்டிருந்த கடன் தீர்ந்தது என்றும், அதன் பிறகு அவன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு சிகரெட்டாக ஊதித் தள்ளினால் அது அவனுடைய இஷ்டத்தையும் சுபாவத்தையும் பொறுத்த விஷயமேயன்றி மூடியவர்களுடைய கணக்கில் ஏறவேண்டிய செலவு அன்று என்றும் ஓர் அபிப்பிராயம், படித்தவர்களிடையே விவாதத்துக்கு இடமற்ற உண்மையைப்போல வழங்கி வருகிறது. அரசாங்கக் கணக்குகளில் அது எழுதப்படாத அனுமானமாக இருக்கிறது. பொருளாதாரம் பேசுகிறவர்களுடைய வாயில் சித்தாந்தமாக இருக்கிறது. தனிப் பேச்சிலோ, சோற்றுக்கு இல்லை என்கிறவர்களுக்குப் புகைப்பதற்கு மட்டும் பணம் எங்கிருந்து வருகிறது என்ற ஏளனமாக இருக்கிறது. இந்த அபிப்பிராயம் தவறு என்பதும், அந்தத் தவறு வெறும் அறியாமையால் விளைந்ததன்று, கணக்கு எழுதும் முறையிலேயே ஊறிக் கிடப்பது என்பதும் என் கட்சி.

எதிராளியின் வாதத்தை முதலில் அதன் முழு வலிமையோடும் எடுத்துரைத்துவிட்டுப் பிறகே மறுக்கவேண்டும் என்பது நம்முடைய தர்க்க நூலார் வகுத்த மரபு. பூர்வபட்சத்தை நோஞ்சானாக்கி நிறுத்திவைத்து அதை வீழ்த்துவதில் பெருமை ஒன்றும் இல்லை. ஆகவே அந்தக் கட்சியாருடைய நியாயங்களை அவர்களே ஒப்புக்கொள்ளும்படியாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

நிலக்கரி வெட்டுவது மனிதனைத் தின்னும் தொழில். தூசி நுரையீரலில் படிந்து மூச்சை அடைக்கிறது, மீத்தேன் வாயு வெடிக்கிறது, கூரை சரிகிறது. 1966-ஆம் வருஷம் வேல்ஸில் ஆபர்ஃபான் என்னும் கிராமத்தின்மேல் சுரங்கக் கழிவுக் குன்று சரிந்து 116 குழந்தைகளையும் 28 பெரியவர்களையும் கொன்றது. இத்தகைய தொழில் ஒழிந்தால் தேகசுகம் விருத்தியாகுமேயன்றிக் குறைய வழியில்லை என்பது அவர்களுடைய முதல் நியாயம். வருமானம் சுருங்கினால் சிகரெட்டைப் போன்ற வீண்செலவும் சுருங்கும் என்பது இரண்டாவது. இதற்குப் பக்கபலமாக அவர்களிடம் வெறும் ஊகம் மட்டும் அல்ல, ஆராய்ச்சியும் இருக்கிறது: வேலையின்மை விகிதம் ஒரு புள்ளி ஏறினால் மரண விகிதம் ஏறத்தாழ அரைச் சதவீதம் இறங்குகிறது என்று 2000-ஆம் ஆண்டிலும், வியாபாரம் மந்தமான காலங்களில் புகைப்பவர்களின் தொகையும் குறைகிறது என்று 2005-ஆம் ஆண்டிலும், கிறிஸ்டோபர் ரூம் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் புள்ளிவிவரங்களோடு எழுதியிருக்கிறார். சுரங்கத்து ஜனங்கள் பரம்பரையாகவே புகைப்பவர்கள், வேலை இருந்தபோதும் புகைத்தார்கள், இல்லாதபோதும் புகைக்கிறார்கள் என்பது மூன்றாவது. புகைப்பது வயதுவந்த மனிதன் தெரிந்து செய்யும் காரியம், அதன் பலனை அவனே அனுபவிக்கிறான் என்பது நான்காவது. வேலையிழப்பு என்பது பண நஷ்டம், பண நஷ்டத்துக்குப் பணமே பரிகாரம் என்பது ஐந்தாவது. இவ்வளவையும் நாணயமான மனிதர்கள் நம்புகிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. கொல்லும் தொழில் ஒழிந்தால் தொழிலாளிக்கு நன்மைதானே என்கிறார்கள், எந்தத் தொழிலாளிக்கு? இனிமேல் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டியிராத, இன்னும் பிறவாத ஒருவனுக்கு நன்மை என்றால் ஆட்சேபமில்லை. அனல் மின் நிலையத்தின் புகையைச் சுவாசித்து வந்த நகரவாசிக்கு நன்மை என்றாலும் ஆட்சேபமில்லை. ஆனால் இருபது வருஷம் தூசியைச் சுவாசித்துவிட்டு வெளியே வந்து நிற்கிறவனுடைய நுரையீரலில் படிந்தது படிந்ததுதான். சுரங்கத்தை மூடியதனால் அது கரைந்துவிடாது. நிலக்கரித் தூசி தனியாகவே மூச்சுக்குழல்களைக் கெடுக்கும், சிகரெட் புகை தனியாகவே கெடுக்கும், இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் கேட்டின்மேல் மற்றொன்றின் கேடு ஏறும் என்பது வைத்தியர்கள் அறிந்த விஷயம். ஆகையால் சிகரெட்டை மீண்டும் வாயில் வைக்கக்கூடாதவன் ஒருவன் உண்டென்றால் அவன் இந்த மனிதனே. லாபம் ஓரிடத்தில் சேர்கிறது, நஷ்டம் வேறோரிடத்தில் தங்குகிறது. இரண்டையும் கூட்டிக் கழித்து மிச்சம் லாபம் என்று காட்டுவது, அந்த மிச்சத்திலிருந்து ஒரு காசாவது நஷ்டப்பட்டவன் கைக்குப் போய்ச் சேர்ந்தால் மட்டுமே நியாயமாகும்.

2. பணம் குறைந்தால் புகையும் குறையும் என்ற அனுமானம் காகிதத்தில் அழகாக இருக்கிறது. மனிதர்களிடம் போய்ப் பார்த்தால் தலைகீழாக இருக்கிறது. ரூம் சொன்னதை நான் பொய் என்று சொல்லவில்லை; அவர் எதைப்பற்றிச் சொன்னார் என்பதையே கவனிக்கச் சொல்கிறேன். அவர் அளந்தது மாநிலம் மாநிலமாக எடுத்த சராசரி. வேலையின்மை ஒரு புள்ளி ஏறிற்று என்றால் நூற்றுக்கு ஒருவன் வேலையிழந்தான், மற்றவர்கள் பெரும்பாலும் வேலையிலேயே இருந்தார்கள் என்பது பொருள். மந்த காலத்தில் அந்த மற்றவர்களுக்கு மிகைநேர வேலை குறைகிறது, சாலையில் வாகனங்கள் குறைகின்றன, விபத்துக்கள் குறைகின்றன, உடம்பைப் பேண அவகாசம் கிடைக்கிறது. இவர்களுடைய நன்மையையும் வேலையிழந்த ஒருவனுடைய தீமையையும் ஒன்றாகக் கலந்து எடுத்த சராசரியைக் கொண்டுவந்து, அந்த ஒருவனுக்கே நன்மை விளைந்தது என்று சாதிப்பது, பந்தியில் ஒருவனுக்கு இலையே போடாமல் விட்டுவிட்டு, சராசரியாகப் பார்த்தால் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள் என்று சொல்வதற்குச் சமானம். அது மட்டுமன்று, பிற்காலத்துப் புள்ளிவிவரங்களையும் சேர்த்து 2015-இல் ரூமே மறுபடி கணக்கிட்டபோது, மந்த காலத்துக்கும் குறைந்த மரணத்துக்கும் இருந்த பழைய சம்பந்தம் ஏறக்குறைய மறைந்துவிட்டிருந்தது. ஆசிரியர் திருத்திக்கொண்டதைச் சீடர்கள் இன்னும் மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வேலையிழந்தவனையே பின்தொடர்ந்து சென்று பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? நிலக்கரிக்கும் எஃகுக்கும் பேர்போன பென்ஸில்வேனியா மாநிலத்தில், பல்லாண்டு ஒரே இடத்தில் உழைத்துவிட்டு ஆட்குறைப்பில் வெளியேறியவர்களுடைய வருமானம், வருஷங்கள் சென்ற பிறகும் நாலில் ஒரு பங்கு குறைந்தே நின்றது என்று ஜேக்கப்ஸன், லலாண்ட், ஸல்லிவன் மூவரும் 1993-இல் நிரூபித்தார்கள். அதே மாநிலத்துத் தொழிலாளரின் மரணப் பதிவுகளை எடுத்துக்கொண்டு டேனியல் ஸல்லிவனும் டில் ஃபான் வாக்டரும் 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் கடுமையானது: வேலை போனதை அடுத்த சில வருஷங்களில் மரண விகிதம் 50 முதல் 100 சதவீதம் வரை கூடியது, இருபது வருஷம் கழிந்த பிறகும் 10 முதல் 15 சதவீதம் கூடியே இருந்தது, நாற்பது வயதில் வேலையிழந்தவனுடைய ஆயுளில் ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷம் வரை குறைந்துபோயிற்று. வேலையோடு ஆயுளும் போயிற்று என்றால், போன வழி எது என்று கேட்பதே அறிவுடைமை. அந்த வழிகளில் ஒன்று சிகரெட். ஐம்பது வயதைக் கடந்த அமெரிக்கத் தொழிலாளர்களைப்பற்றி ஃபால்பாவும் அவருடைய சகாக்களும் 2005-இல் எழுதியபடி, முன்பே புகைப்பதை விட்டுவிட்டிருந்தவர்களுள் வேலையிழந்தவர்கள் மறுபடி அந்தப் பழக்கத்தில் விழும் வாய்ப்பு மற்றவர்களைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கும் அதிகம். ஜெர்மனியில் தொழிற்சாலைகள் மூடப்பட்டதை ஆதாரமாகக் கொண்டு யான் மார்கஸ் 2014-இல் கண்டது சற்று வேறு: அங்கே ஏற்கெனவே புகைத்தவர்கள் அதிகமாகப் புகைக்கவில்லை, புகைக்காமல் இருந்தவர்கள் ஆரம்பித்தார்கள். இரண்டு முடிவுகளுக்கும் சிறு பேதம் இருப்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் பணமில்லாதவன் புகையை விடுவான் என்ற அனுமானத்துக்கு இரண்டுமே இடம் கொடுக்கவில்லை.

இது ஆச்சரியமும் அன்று. நிகோடின் உள்ளே போனதும் மனம் சமாதானமடைவதாகப் புகைப்பவனுக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது அடக்குவது, முந்தைய சிகரெட் தீர்ந்ததனால் அதுவே உண்டாக்கிய தவிப்பை. கவலை மிகுந்த மனிதன் தன்னுடைய கவலைக்கும் அந்தத் தவிப்புக்கும் வேறுபாடு காண்பதில்லை. இரண்டுக்கும் மருந்து ஒன்றே என்று நம்புகிறான். வருமானம் குறைந்தவன் மாம்சத்தைக் குறைப்பான், துணிமணியைக் குறைப்பான், பிரயாணத்தைக் குறைப்பான். தன்னுடைய ஒரே மருந்து என்று அவன் நம்புவதைக் கடைசியாகத்தான் குறைப்பான்.

3. அவர்கள் என்றைக்கும் புகைப்பவர்கள்தானே என்று சொல்கிறவர்கள் ஒரு சுரங்கத்துக்குள்ளும் இறங்கிப் பார்த்ததில்லை என்று தோன்றுகிறது. நிலத்தடிச் சுரங்கத்தில் மீத்தேன் வாயு கசிகிறது. ஒரு தீக்குச்சி உரசினால் நூற்றுக்கணக்கான உயிர்கள் போகும். ஆகவே பிரிட்டனில் 1911-ஆம் வருஷத்துச் சட்டமும் அமெரிக்காவில் 1969-ஆம் வருஷத்துச் சட்டமும் நிலத்தடியில் புகைப்பதை விலக்கின. கீழே இறங்குமுன் சட்டைப்பையைச் சோதித்துச் சிகரெட்டையும் தீப்பெட்டியையும் பிடுங்கிக்கொள்வது வழக்கமாயிற்று. தொழிலாளர்கள் கீழே புகையிலையை மென்றார்கள், மூக்குப்பொடி போட்டார்கள், ஆனால் புகைக்கவில்லை. மற்ற ஜனங்கள் அலுவலகத்திலும் ரயிலிலும் சினிமாக் கொட்டகையிலும் தாராளமாகப் புகைத்துக்கொண்டிருந்த காலத்தில், விழித்திருக்கும் நேரத்தில் பாதியைப் புகையே இல்லாமல் கழித்துத் தீரவேண்டிய கட்டாயம் இந்த மனிதர்களுக்கு இருந்தது. வேலை போன அன்றே அந்தக் கட்டாயமும் போயிற்று. பிற்காலத்தில் இங்கிலாந்தில் 2007-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதியிலிருந்து மூடிய பணியிடங்கள் எல்லாவற்றிலுமே புகைப்பது தடுக்கப்பட்டது. அது நல்ல சட்டமே. ஆயினும் பணியிடம் இருக்கிறவனுக்குத்தானே அந்தச் சட்டம் துணை? வேலையற்றவனுடைய பகல் முழுவதும் அந்தச் சட்டம் எட்டாத இடத்தில், அதாவது அவனுடைய வீட்டில், கழிகிறது.

சுபாவத்தைக் காரணம் காட்டுவது தர்க்கத்திலும் நிற்காது. குடித்துவிட்டு வந்ததனாலோ நோயில் படுத்ததனாலோ வேலையிழந்த ஒருவனைக் காட்டி, அவனுடைய வேலையிழப்பே அவன் புகைப்பதற்குக் காரணம் என்று நான் சொன்னால், காரணத்தையும் காரியத்தையும் மாற்றிப் பிடித்துவிட்டாய் என்று என்னை மடக்கலாம். ஆனால் சுரங்கம் மூடப்படுவது அப்படிப்பட்டதன்று. 1984-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் பிரிட்டனின் தேசிய நிலக்கரி வாரியம் 20 சுரங்கங்களையும் அவற்றோடு ஏறத்தாழ 20,000 வேலைகளையும் ஒழிக்கப்போவதாகச் சொன்னபோதும், வருஷம் முழுவதும் நடந்த வேலைநிறுத்தம் தோற்ற பிறகு 1992 அக்டோபரில் மேலும் 31 சுரங்கங்களின் பெயர்ப் பட்டியல் வெளியானபோதும், அவற்றைத் தீர்மானித்தவை எரிவாயுவின் விலையும் பூமியின் அமைப்பும் மந்திரிசபையின் கொள்கையும். புகைத்தவனுக்கும் புகைக்காதவனுக்கும் ஒரே நாளில் சீட்டுக் கிழிந்தது. பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் முழுத் தொழிற்சாலையே மூடப்பட்ட சம்பவங்களைத் தேடித் தேடி எடுத்துக்கொள்வதன் ரகசியம் இதுதான்: அங்கே மனிதனுடைய குணம் காரணமாக முடியாது.

இவ்விடத்தில் இன்னொன்று. வரைபடத்தைக் காட்டி, சுரங்கம் மூடியபின் புகைப்பவர் தொகை எங்கே ஏறிற்று, இறங்கித்தானே வந்திருக்கிறது என்று கேட்கிறவர்கள் உண்டு. பிரிட்டிஷ் ஆண்களில் 1974-இல் பாதிப்பேர் புகைத்தார்கள். 1990-இல் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. சுரங்கங்கள் மூடப்பட்ட காலம், நாடு முழுவதும் அந்தப் பழக்கத்தைக் கைவிட்டுக்கொண்டிருந்த அதே காலம். இப்படிப்பட்ட காலத்தில் நேரும் தீங்கு ஏற்றமாகத் தெரியாது. எல்லோரும் இறங்குகிற படிக்கட்டில் சிலர் மட்டும் இறங்காமல் நின்றுவிடுவதாகவே தெரியும். விட்டிருக்கக்கூடியவன் விடவில்லை, விட்டவன் திரும்பினான் என்பதை எந்த வரைபடமும் தானாக வாய்திறந்து சொல்லாது. என்ன நடந்தது என்பதோடு, நடக்காமற்போனது எது என்பதையும் ஒப்பிட்டால்தான் அது விளங்கும்.

4. அவனவன் இஷ்டம் என்கிறீர்களே, அந்த அவனவன் யார்? இந்த வாதத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஆகையால் இதில் சற்று நிதானிக்கிறேன். ஒரு வீட்டில் நாலு பேர் வசித்தால் அங்கே நாலு தனித்தனி நுகர்வோர் வசிக்கிறார்கள் என்று எண்ணுவது புத்தகப் பொருளாதாரத்தின் பழக்கம். புருஷனுக்கு வேலை போனால் மனைவியின் மனம் என்ன ஆகிறது என்று அளக்க முற்பட்ட அதே மார்கஸ், ஜெர்மனியில் 2013-இல் கண்ட முடிவு, வேலையிழந்தவருக்கு நேர்ந்த மனத்தளர்ச்சி ஏறக்குறைய அதே அளவில் வாழ்க்கைத் துணைக்கும் நேர்கிறது என்பது. வேலை ஒருவருக்குப் போகிறது. தளர்ச்சி இருவருக்கு வருகிறது. ஈட்டுத்தொகைச் சீட்டில் மட்டும் ஒரே பெயர் இருக்கிறது.

பழக்கம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்லும் பாதையையும் அளந்திருக்கிறார்கள். மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரின் ஜனங்களை 1971 முதல் 2003 வரை தொடர்ந்து கவனித்த பதிவுகளிலிருந்து, 12,067 பேருடைய உறவுகளைப் பின்னிப் பார்த்து, கிறிஸ்டாக்கிஸும் ஃபௌலரும் 2008-இல் எழுதிய கட்டுரையின்படி, வாழ்க்கைத் துணை புகைப்பதை விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைகிறது; உடன்பிறந்தவர் விட்டால் 25 சதவீதம்; சிறிய நிறுவனத்தில் கூட வேலை பார்ப்பவர் விட்டால் 34 சதவீதம். ஒருவரையொருவர் ஒத்தவர்களே கூடி வாழ்கிறார்கள் என்பதை இந்த ஆராய்ச்சி போதிய அளவு கழிக்கவில்லை என்று மறுத்தவர்களும் உண்டு. அந்த மறுப்பில் சாரம் இருக்கிறது. எண்ணைச் சற்றுக் குறைத்தே வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு குறைத்தாலும் பூஜ்யமாகாது. விடுகிற பழக்கம் செல்லும் அதே பாதையில் விடாத பழக்கமும் செல்லும் அல்லவா? சுரங்கம் மூடப்படும்போது புகைப்பதை நிறுத்தத் தூண்டக்கூடிய சக தொழிலாளர்கள் கலைந்து போகிறார்கள், எஞ்சுவது வீடு, வீட்டில் இருப்பதோ, அதே துயரத்தில் பாதியை ஏற்றுக்கொண்ட இன்னொருவர். வேலையிழந்தபின் புதிதாகப் புகைக்கத் தொடங்குகிறவர்கள் தனியாக வாழ்பவர்களிடையே அதிகம் என்பதும் மார்கஸின் ஜெர்மன் ஆராய்ச்சியில் தெரிந்த விஷயம். ஆக, துணை இருப்பது சில வீடுகளில் காப்பாகவும் சில வீடுகளில் கண்ணியாகவும் அமைகிறது. எந்த வகையில் அமைந்தாலும், புகைப்பது தனி மனிதனுடைய காரியம் என்ற சித்தாந்தம் உடைந்துபோகிறது.

குழந்தைகளிடம் வருவோம், அவர்களுக்கு இஷ்டம் என்ற ஒன்று இருப்பதாக எந்தச் சித்தாந்தியும் சொல்லமாட்டான் என்று நம்புகிறேன். பெற்றோரில் ஒருவராவது புகைக்கிற வீட்டுப் பிள்ளை தானும் புகைக்கத் தொடங்கும் வாய்ப்பு, புகைக்காத வீட்டுப் பிள்ளையைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு, இருவரும் புகைத்தால் 2.7 மடங்கு. பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2011-இல் இதை வெளியிட்டவர்கள் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தார். அந்த நகரத்தைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. சுற்றுப்புறத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள். ஊருக்குள்ளே ஜான் பிளேயர் கம்பெனியின் புகழ்பெற்ற சிகரெட் தொழிற்சாலை. பக்கத்திலேயே சிகரெட்டின் கேட்டை அளக்கும் பல்கலைக்கழகம். மாவட்டத்தின் கடைசிச் சுரங்கமான தோர்ஸ்பி 2015-இல் மூடப்பட்டது. நகரத்தின் சிகரெட் உற்பத்தி 2016-இல் நின்றது. சுரங்கத்தில் வேலையிழந்தவன் புகைத்த சிகரெட்டைச் சுற்றிக் கொடுத்தவனும் அடுத்த வருஷமே வேலையிழந்தான். அவன் எதை வாங்கிப் புகைத்தானோ!

கருவில் இருக்கும் குழந்தையையும் இந்தக் கணக்கிலிருந்து விலக்க முடியாது. அமெரிக்கக் குடும்பங்களைப் பல்லாண்டு தொடர்ந்த பதிவேடுகளைக் கொண்டு ஜேஸன் லிண்டோ 2011-இல் நிறுவியபடி, கணவன் வேலையிழந்த பிறகு பிறந்த குழந்தைகளின் எடை சராசரியாக நாலரைச் சதவீதம் குறைந்திருந்தது. தகப்பனுக்கு வேலை போனதும் கருவிலிருக்கும் பிள்ளை எடை குறைவதற்கு எத்தனையோ வழிகள் இருக்கலாம். உணவு ஒன்று, கவலை ஒன்று, தாய் உள்ளிழுக்கும் புகை ஒன்று. 2016-ஆம் வருஷத்தில் அமெரிக்கா முழுவதிலும் கர்ப்ப காலத்தில் புகைத்த பெண்கள் நூற்றுக்கு 7.2 பேர், நிலக்கரி மாநிலமாகிய மேற்கு வெர்ஜீனியாவில் மட்டும் 25.1 பேர், நாட்டிலேயே அதிகம். இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு சுரங்கம் மூடியதே காரணம் என்று நான் முழங்கினால், மேலே சராசரியைப்பற்றி நான் சொன்ன கண்டனம் என் தலையிலேயே விழும். வறுமை, கல்வி, புகையிலையின் மலிவு எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. அண்டை மாநிலமான கென்டக்கி நிலக்கரியோடு புகையிலையும் விளைவிப்பது. 2005 வரையில் அங்கே ஒரு சிகரெட் பெட்டிக்கு விதித்திருந்த வரி வெறும் மூன்று சென்ட். ஒருபுறம் வேலையைப் பறித்து, மறுபுறம் சிகரெட்டை மிட்டாய் விலைக்கு வைத்துவிட்டு, வாங்குகிறவனுடைய சுயேச்சையைப் புகழ்வது என்ன நியாயமோ தெரியவில்லை.

5. பணத்துக்குப் பணம் கொடுத்தாயிற்று என்ற சமாதானம், முதலில், பலருக்குக் கொடுக்கப்படவே இல்லை என்ற விஷயத்தை மறைக்கிறது. 1984-இல் பிரிட்டனில் ஐம்பது வயதுக்குட்பட்ட தொழிலாளிக்கு ஒவ்வொரு வருஷ சேவைக்கும் ஆயிரம் பவுன் என்று வாரியம் ஆசை காட்டிற்று. 2015 டிசம்பரில் நாட்டின் கடைசி ஆழ்சுரங்கமான கெல்லிங்லி மூடப்பட்டபோது அங்கிருந்த சுமார் 450 பேருக்குக் கிடைத்தது பன்னிரண்டு வாரச் சம்பளம். ஆனால் தாராளமாகவே கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். நார்வே தேசத்தைப் பாருங்கள்: அங்கே வைத்தியம் வேலையைப் பொறுத்ததன்று; வேலையற்றவனுக்கு அரசாங்கம் தரும் படி தாராளமானது; பணமே பரிகாரம் என்ற சித்தாந்தம் மெய்யானால் அங்கே வேலையிழப்பு உடம்பைத் தொடவே கூடாது. ஸாண்ட்ரா பிளாக், டெவரோ, ஸால்வனெஸ் மூவரும் அந்நாட்டுப் பதிவேடுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவோ, வேலையிழந்த ஆண், பெண் இருபாலாருடைய தேகநிலையும் கெட்டது என்பதும், அந்தக் கேட்டில் பெரும்பகுதிக்குக் காரணம் அவர்கள் அதிகமாகப் புகைத்ததே என்பதும். பையில் பணம் இருந்தது. காலையில் எழுந்து போவதற்கு இடம் இல்லை.

பிரிட்டனின் சுரங்க வட்டாரங்களை ஆராய்ந்த கிறிஸ்டினா பீட்டியும் ஸ்டீவ் ஃபாதர்கிலும் 1996-இல் காட்டிய விசித்திரம் இதற்குப் பொருந்துகிறது. லட்சக்கணக்கில் வேலைகள் அழிந்தும் அங்கே பதிவேட்டு வேலையின்மை எதிர்பார்த்தபடி ஏறவில்லை. ஆட்கள் எங்கே போனார்கள் என்று தேடினால், நிரந்தர நோயாளிகள் என்ற பட்டியலில் இருந்தார்கள். அமெரிக்காவின் நாலு நிலக்கரி மாநிலங்களிலும் இதே கதை: நிலக்கரி விலை ஏறியபோது ஊனமுற்றோர் உதவித்தொகை பெறுவோர் குறைந்தார்கள், விலை விழுந்தபோது பெருகினார்கள் என்று பிளாக், டேனியல், ஸாண்டர்ஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள் 2002-இல் எழுதினார்கள். மூச்சு வாங்குகிறது என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தால் உதவித்தொகை உண்டு. வேலை செய்யத் தகுதி உண்டென்றால் உதவித்தொகை இல்லை, வேலையும் இல்லை. இந்த ஏற்பாட்டில் வாழும் ஒருவனிடம் போய், புகையை விட்டு உடம்பைத் தேற்றிக்கொள் என்று உபதேசிப்பவர் எதை எதிர்பார்க்கிறார்?

6. அப்படியானால் சுரங்கங்களை மூடவே கூடாதா என்று கடைசியில் சினந்து கேட்பார்கள். இது என் கட்சி அன்று. தொழிலாளியின் ஆயுளைப்பற்றி ஒருநாளும் கவலைப்படாத முதலாளிகள், மூடும் பேச்சு எழுந்ததும் அவனுடைய குடும்பத்துக்காகக் கண்ணீர் விடுவதை நானும் பார்க்கிறேன். அமெரிக்காவில் 2016-ஆம் வருஷத் தேர்தலில் நிலக்கரி வேலைகளை மீட்டுத் தருவதாகச் சபதம் செய்தார்கள், வேலைகள் மீளவில்லை. மூடுவது வேறு, ஒரே நாளில் மூடிவிட்டுக் கணக்கை முடிப்பது வேறு. ஜெர்மனியில் ரூர் பிரதேசத்துச் சுரங்கங்களை ஒரே நிறுவனத்தின்கீழ்த் திரட்டியது 1968-இல். அரைநூற்றாண்டாகச் சிறுகச் சிறுகக் குறைத்து, 2018-ஆம் வருஷ முடிவோடு நிறுத்துவதென்று 2007-இலேயே சட்டம் செய்து, வயதானவர்களுக்கு முன்கூட்டிய ஓய்வும் மற்றவர்களுக்கு வேறு வேலையும் ஏற்பாடு செய்து, எவனையும் வெறுங்கையோடு வெளியே தள்ளுவதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்து, 2018 டிசம்பரில் பாட்ராப் நகரத்துச் சுரங்கத்தை மூடினார்கள். நம் தேசமும் 2070-க்குள் கரிவாயு வெளியேற்றத்தை நிகரப் பூஜ்யமாக்குவதாக 2021-இல் கிளாஸ்கோவில் வாக்களித்திருக்கிறது. ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் ஒப்பந்தக் கூலிகளாக நிலக்கரி அள்ளுகிறவர்களுடைய பெயர் எந்த ஈட்டுத்தொகைப் பட்டியலில் இருக்கப்போகிறது என்று இப்போதே கேட்டுவைப்பது நல்லது.

ஜெர்மானியருடைய முறைக்குப் பெரும் பொருள் செலவாயிற்றே, அவ்வளவு மானியம் எந்த அரசாங்கத்தால் முடியும் என்பார்கள். பிரிட்டன் அந்தச் செலவைச் செய்யவில்லை என்று எண்ணுவதுதான் பிழை. நோயாளிப் பட்டியலில் இருந்தவர்களுக்குப் பல்லாண்டு கொடுத்த உதவித்தொகை ஒரு செலவு. நுரையீரலும் இருதயமும் கெட்டு ஆஸ்பத்திரியில் படுத்தவர்களுக்குச் செய்த வைத்தியம் ஒரு செலவு. எடை குறைந்து பிறந்த குழந்தையைத் தேற்றியது ஒரு செலவு. பதினைந்து வயதில் சிகரெட்டைப் பற்றவைத்த பையனுக்கு ஐம்பது வயதில் செய்யப்போகும் சிகிச்சை, இன்னும் வராத ஒரு செலவு. இத்தனையும் செலவானபோது செலுத்தியது சுகாதார இலாகாவும் சமூகநல இலாகாவும். சுரங்கத்தை மூடியதால் இவ்வளவு மிச்சம் என்று அறிக்கை வெளியிட்டது வேறு இலாகா.